பழைய காரில் பிரேக் சத்தம்: பூஸ்டரா, சக்கரமா என்று பிரித்துப் பார்க்கும் வழி

பழைய காரில் பிரேக் சத்தம் போட்டால் நம் ஊர்ப் பட்டறைகளில் முதலில் விழுகிற பேச்சு, "பேடை மாத்திப் போட்டரலாங்ணா" என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். சில நேரம் புது பேட் போட்டு, பணத்தைக் கட்டி, வண்டியை வெளியே எடுத்து முதல் சிக்னலில் மிதித்தால், அதே உஸ் சத்தம் அதே இடத்தில் கேட்கும். பவர் பிரேக் உள்ள வண்டியில் சத்தம் பிறக்க முக்கியமாக இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. ஒன்று சக்கரம். அங்கே இரும்பும் லைனரும் உரசுகின்றன. இன்னொன்று, பெடலுக்கும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருந்து, கால் பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர். அங்கே வேலை செய்வது காற்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்தால் காசும் வீண், நேரமும் வீண்.

மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, இண்டிகா, சுமோ மாதிரி வயதான வண்டிகளை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆரம்ப கால அம்பாசிடரிலும் பத்மினியிலும் நான்கு பக்கமும் டிரம்தான், பூஸ்டர் கிடையாது. உங்கள் வண்டியில் பூஸ்டர் இல்லை என்றால் நேராகச் சக்கரத்தைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

முதலில் சத்தத்தின் இடத்தைப் பிடியுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிடுங்கள். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடட்டும். இப்போது பெடலை மெதுவாக மிதியுங்கள். சத்தம் கேட்டால் அது உரசல் சத்தமாக இருக்க வழியே இல்லை, சக்கரம்தான் சுற்றவில்லையே. பூஸ்டர் பக்கமோ பெடல் பக்கமோ பார்க்க வேண்டும்.

அடுத்து எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதியுங்கள். பூஸ்டருக்குள் தேங்கியிருந்த வேக்கம், அதாவது காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம், தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் மிதிக்கும்போதெல்லாம் கிறீச் என்றோ டொக் என்றோ கேட்டால் அது பெடலின் கீல், பின், புஷ், பிரேக் லைட் ஸ்விட்ச் ஆகியவற்றின் சத்தம். எஞ்சின் ஓடினால் மட்டும் கேட்கிறது, அணைத்தால் இல்லை என்றால் பூஸ்டர். வண்டி உருண்டால் மட்டும் கேட்கிறது என்றால் சக்கரம்.

பட்டறைக்குப் போவதற்கு முன் இதை மட்டும் செய்துவிட்டு, "நின்னுட்டிருக்கறப்பவும் கேக்குதுங்க, எஞ்சினை ஆஃப் பண்ணா நின்னுருதுங்க" என்று சொன்னால் போதும். நல்ல மேஸ்திரி அந்த ஒரு வரியிலேயே பேட் பேச்சை விட்டுவிட்டு பானட்டைத் திறப்பார்.

பூஸ்டருக்குள் என்ன நடக்கிறது

பானட்டைத் திறந்தால் பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் பக்கம், பின்சுவரை ஒட்டி, கறுப்பாகச் சட்டி மாதிரி ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இரண்டு அறைகளாகப் பிரித்து நிற்கிறது. பெட்ரோல் வண்டியில் எஞ்சினுக்குள் காற்று போகிற குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து தடித்த ஓஸ் ஒன்று வந்து, ஒருவழி வால்வு மூலம் இதில் சேர்கிறது. பெடலை மிதிக்காதவரை இரண்டு அறையிலும் வேக்கம். மிதித்ததும் கன்ட்ரோல் வால்வு திறந்து, பெடல் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. முன் அறையில் வேக்கம், பின் அறையில் காற்றழுத்தம், ஆகவே டயாஃப்ரம் முன்னால் தள்ளப்படுகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாஃப்ரத்தில் 500 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு வேக்கம் இருந்தால், கணக்குப்படி அது தள்ளுகிற பலம் 200 கிலோவைத் தாண்டும். நம் கால் கொடுக்கிற பலத்தோடு இது சேர்ந்துகொள்வதால்தான் கட்டை விரலை ஊன்றினாலே வண்டி நிற்கிறது.

ஆக, மிதிக்கும்போது காற்று உள்ளே போகத்தான் செய்யும். மெல்லிய, சின்ன உஸ் ஒன்று கேட்டு அடங்கினால் அது நோய் இல்லை. பழைய வண்டியில் தரை மேட்டும் சத்தம் தடுக்கும் பஞ்சும் நைந்துபோயிருப்பதால், புதுசில் கேட்காதது இப்போது கேட்கலாம். இதற்காக யாரும் பூஸ்டரைக் கழற்ற வேண்டாம்.

உஸ் சத்தம், ஆனால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது

மிதிக்கும் நேரத்தில் மட்டும் பலமாக உஸ் என்கிறது, பெடல் இயல்பாக இருக்கிறது, ஐடிலிங் மாறவில்லை என்றால், டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். பெடல் கம்பி பூஸ்டருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கும். அதற்குள் வளையம் மாதிரி ஒரு பஞ்சு. காற்று வடிகட்டி உள்ளே போவதும், சத்தம் அமுங்குவதும் அந்தப் பஞ்சால்தான். பல வருடம் கழித்து அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். உறை கிழிந்திருந்தாலும் இதே சத்தம்தான். செலவு சின்னது. ஆனால் உறையோ பஞ்சோ இல்லாமல் ஓட்டினால் தூசி நேராக வால்வுக்குள் போகும். இன்றைக்குச் சத்தம் மட்டும் போடுகிற பூஸ்டர், நாளைக்கு வால்வு தேய்ந்து காற்று விடும்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டி நிற்கிற வண்டிகளில் இதற்கு நேர்மாறான கோளாறு வரலாம். பறக்கிற பஞ்சு இந்த வடிகட்டியில் படிந்து அடைத்துக்கொண்டால் சத்தம் குறையும், ஆனால் காற்று மெதுவாகத்தான் உள்ளே போகும். அவசரத்தில் பட்டென்று மிதித்தால் பெடல் முதலில் கெட்டியாக நின்று, ஒரு நொடி கழித்துத்தான் இறங்கும். "பிரேக் லேட்டா எடுக்குதுங்க" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

காலை அழுத்தி வைத்திருக்கும்வரை உஸ் நிற்கவே இல்லை

இது கோளாறுதான். பெடலை ஒரே அளவில் அழுத்திப் பிடித்தால் காற்று நுழைவது நின்றுவிட வேண்டும். நிற்காமல் இரைகிறது என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது கன்ட்ரோல் வால்வின் சீல் போய்விட்டது. கூடவே எஞ்சின் ஐடிலிங் கவனியுங்கள். மிதித்ததும் எஞ்சின் தடுமாறுகிறது, ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, சில வண்டிகளில் அணைந்தே போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கிழிசல் வழியாக எஞ்சினுக்குக் கணக்கில்லாத காற்று போகிறது. கார்புரேட்டர் வண்டியில் இதை ஐடிலிங் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். என்ன திருகினாலும் பிரேக் மிதிக்கும்போது மட்டும் தடுமாறுகிற எஞ்சின் சரியாகாது.

மிதிக்காமலேயே உஸ்

எஞ்சின் ஓடுகிறது, கால் பெடலில் இல்லை, ஆனாலும் இரைச்சல் கேட்கிறது. முதலில் காலின் நுனியால் பெடலை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். சத்தம் நின்றால், பெடல் முழுசாக மேலே திரும்பவில்லை என்று பொருள். பிரேக் லைட் ஸ்விட்சை யாராவது அதிகமாகத் திருகி வைத்திருப்பார்கள், அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது தரை மேட் மடங்கிப் பெடலைத் தடுக்கும். பூஸ்டர் வால்வு கொஞ்சமாகத் திறந்தபடியே இருப்பதால்தான் இந்த உஸ். அப்படியே ஓட்டினால் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருந்து சக்கரம் சூடேறவும் வாய்ப்பு உண்டு.

தூக்கினாலும் நிற்கவில்லை என்றால் ஓஸ், ஒருவழி வால்வு, அந்த வால்வு பூஸ்டரில் சொருகியிருக்கும் ரப்பர் வாஷர் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கசிவு என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. இரண்டடி நீளத்துக்கு ஒரு டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஓஸ் நெடுகிலும் கொண்டுபோங்கள். கசிவு உள்ள இடத்தில் இரைச்சல் காதைத் துளைக்கும். ஃபேன், பெல்ட் பக்கம் டியூபும் கையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் இங்கே அதிகம் உதவாது. டயரில் காற்று வெளியே வருகிறது, அதனால் நுரை வரும். இங்கே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், செய்யாதீர்கள்.

ஓஸை இடுக்கியால் நசுக்கி, சத்தம் நிற்கிறதா என்று பார்க்கிற சோதனையும் நல்லதுதான். நின்றால் கசிவு நசுக்கிய இடத்துக்கு அப்பால் பூஸ்டர் பக்கம், நிற்காவிட்டால் எஞ்சின் பக்கம். ஆனால் பழைய ரப்பர் காய்ந்து விறைத்திருந்தால் நசுக்கின இடத்திலேயே வெடித்துவிடும். துணி சுற்றி, ரப்பர் இன்னும் வளைந்து கொடுக்கிறது என்று உறுதியான பின்தான் இடுக்கியை வைக்க வேண்டும்.

தோட்டத்துச் சாளையில் நிற்கிற வண்டிகளுக்கு எலி ஒரு தனிப் பிரச்சினை. காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஜென்னில் இதை நேரில் பார்த்தேன். கடலைக்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டி. ஸ்டார்ட் செய்ததும் உஸ், பெடல் கெட்டி. ஓஸின் மேல்பக்கம் பளபளவென்று குறையில்லாமல் இருந்தது. கிளாம்பைத் தளர்த்தித் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில், பின்சுவரை ஒட்டின இடத்தில், உளியால் செதுக்கினாற்போல் இரண்டு வரிப் பல் தடம், நடுவில் கடலை அளவுக்கு ஓட்டை. பூஸ்டரின் மேல் கடலை ஓடு குவிந்து கிடந்தது. வண்டிக்காரர், "ஏனுங்ணா, இதுக்கா பூஸ்டரையே மாத்தோணும்னாங்க?" என்று கேட்டார். ஓஸ் மட்டும் மாற்றியதோடு வேலை முடிந்தது. ஓஸைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், சுற்றிலும் விரலை ஓட்டித் தடவிப் பாருங்கள்.

மாற்றும்போது வேக்கம் ஓஸ் என்றே கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்த பெட்ரோல் டியூபையோ தண்ணீர் டியூபையோ போட்டால், சூட்டில் இளகி, வேக்கம் இழுக்கும்போது உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

பூஸ்டர் நல்லதா, போயிற்றா என்று மூன்று சோதனை

ஒன்று. எஞ்சின் அணைந்திருக்கும்போது பெடலை நாலைந்து தடவை மிதித்து வேக்கத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை மிதமாக அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்கம் வரவில்லை, அல்லது பூஸ்டர் வேலை செய்யவில்லை.

இரண்டு. எஞ்சினை ஓரிரண்டு நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். கொஞ்சம் பொறுத்து, இடைவெளி விட்டு மூன்று தடவை மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகப் போக வேண்டும், அடுத்தடுத்த மிதியில் பெடல் மேலே மேலே நிற்க வேண்டும். முதல் மிதியிலேயே கெட்டி என்றால் வேக்கம் தங்கவில்லை. பெரும்பாலும் ஒருவழி வால்வு. அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும். பூஸ்டர் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கத்திலிருந்து போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் தூக்கிப் போடுங்கள்.

மூன்று. எஞ்சின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடித்து, அப்படியே எஞ்சினை அணையுங்கள். 30 வினாடி காலை எடுக்காமல் இருங்கள். பெடலின் உயரம் மாறக் கூடாது. காலை மேலே தள்ளிக்கொண்டு வந்தால் பூஸ்டருக்குள் கசிவு. கீழே இறங்கிக்கொண்டே போனால் அது பூஸ்டர் இல்லை, மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது, அல்லது எங்கோ ஆயில் கசிகிறது. இரண்டாவது வகையில் வண்டியை ஓட்டவே கூடாது.

உஸ் சத்தமும் கெட்டிப் பெடலும் சேர்ந்து வந்தால்

இங்கே சத்தத்தை விட்டுவிட்டு ஆபத்தைப் பேச வேண்டும். கோயமுத்தூருக்குள் அவிநாசி ரோட்டில் ஊர்ந்து போகும்போது பாதி பூஸ்டரோடு கூடச் சமாளித்துவிடலாம். நமக்குப் பக்கத்தில் இருப்பது மலைகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. கீழே கண்டுகொள்ளாமல் விட்ட உஸ் சத்தம் மேலே போனதும் வேறு ஆளாகிவிடும்.

பெட்ரோல் வண்டியில் வேக்கம் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் மேனிஃபோல்டுக்குள் உள்ள அழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். மேலே போகப் போக வெளிக்காற்று மெலிகிறது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஒரு அங்குலம் பாதரச அளவுக்கு வேக்கம் குறையும். கோயமுத்தூர் ஏறக்குறைய 1,350 அடி உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 7,350 அடி. ஐடிலிங்கில் இங்கே 20 அங்குலம் காட்டுகிற எஞ்சின் அங்கே 14 அங்குலம்தான் காட்டும். நல்ல பூஸ்டருக்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உதவி குறைகிறது. ஏற்கெனவே கசிகிற பூஸ்டருக்கு என்ன மிஞ்சும்? "கீழ நல்லாத்தான் இருந்துச்சு, குன்னூர் தாண்டினதும் பெடல் கல்லாயிருச்சு" என்பதன் காரணம் இதுதான். ஆகவே மலைக்குக் கிளம்புவதற்கு முன் மேலே சொன்ன மூன்று சோதனையையும் வீட்டு வாசலிலேயே செய்துவிடுங்கள்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுகிற பழக்கம் பெரியவர்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. பூஸ்டர் இல்லாத வண்டி ஓட்டிய காலத்துப் பழக்கம் அது, அன்றைக்கும் ஆபத்துதான். பவர் பிரேக் வண்டியில் எஞ்சின் அணைந்தால் பூஸ்டரில் தேங்கியிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு வருவது அடுத்த கொண்டை ஊசி வளைவு. அப்பாவோ மாமாவோ யார் சொன்னாலும் சரி, எஞ்சின் ஓடட்டும், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

டீசல் வண்டி என்றால்

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றை மறிக்கிற த்ராட்டில் அடைப்பு இல்லாததால் மேனிஃபோல்டில் போதுமான வேக்கம் பிறக்காது. அதற்காகத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் உண்டு. நம் ஊரில் ஓடுகிற பழைய டீசல் கார்களில் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் ஆயில்தான் அதற்கு மசகு.

பிரேக் பிடிக்காதபோதும் ஆல்டர்னேட்டர் பக்கமிருந்து டக டக என்று தட்டுகிற சத்தம் வந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெடல் வெகு நேரம் கெட்டியாகவே இருந்தால், பம்பின் தகடுகள் தேய்ந்திருக்கும், அல்லது அதற்கு ஆயில் போகிற சின்னக் குழாய் அடைத்திருக்கும். வேக்கம் ஓஸை பூஸ்டர் பக்கத்தில் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். எஞ்சின் ஆயில் வழவழவென்று இருந்தால் ஒருவழி வால்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் பூஸ்டருக்குள் போனால் டயாஃப்ரம் ஊதி, இளகி, கிழியும். அப்போது பம்ப் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் ஆகும். பேட்டரி சார்ஜுக்காக ஆல்டர்னேட்டரைக் கழற்றி வேலை பார்த்த பிறகு பிரேக் கெட்டியானால், ஓஸ் சரியாக மாட்டப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

மெதுவாக மிதித்தால் ம்ம்ம் என்று முனகல்

நின்றுகொண்டிருக்கும்போது, பெடலை மெல்ல மிதித்தாலோ மெல்ல விட்டாலோ பின்சுவரே அதிர்கிற மாதிரி ஒரு முனகல் சில வண்டிகளில் வரும். வேகமாக மிதித்தால் வராது. கன்ட்ரோல் வால்வின் ரப்பர் விளிம்பு காற்றோட்டத்தில் துடிப்பதுதான் காரணம். மூன்று சோதனையிலும் பூஸ்டர் தேறினால் உடனே பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் வால்வு வயதாகிவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு மருந்தாக பூஸ்டருக்குள் எண்ணெயோ டபிள்யூடி-40-யோ பீய்ச்சுகிறவர்கள் உண்டு. இரண்டு நாளைக்குச் சத்தம் போகும், அப்புறம் ரப்பரே போகும்.

பிரேக் ஆயில் குறைகிறது, எங்கும் ஒழுகல் தெரியவில்லை

இதைச் சத்தக் கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்றால், உஸ் சத்தத்தோடு வருகிறவர்களிடம் டப்பாவில் ஆயில் எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்பதற்காக. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் விட்டால் ஆயில் தரையில் சொட்டாது. பூஸ்டருக்குள் போகும். அங்கே தேங்கும், ரப்பரை ஊற வைக்கும், அதிகமானால் வேக்கம் ஓஸ் வழியே எஞ்சினுக்குப் போய்ப் புகைபோக்கியில் வெள்ளைப் புகையாக வரும். புகையைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் என்று எஞ்சினைப் பிரித்துவிடுவார்கள்.

சரிபார்ப்பது சுலபம். மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு பிணைக்கிற இரண்டு நட்டையும் கழற்றி, குழாய்கள் வளையாத அளவுக்கு மெல்ல முன்னால் இழுங்கள். சில வண்டிகளில் குழாயைக் கழற்றாமல் இது முடியாது, அப்படியானால் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள். இடைவெளியில் விரலை விட்டு பூஸ்டரின் வாய்ப் பகுதியைத் தடவுங்கள். காய்ந்த தூசி என்றால் நல்லது. விரல் ஈரமாக வந்து, பெயின்ட் ஊதி உரிந்து கையோடு வந்தால் சீல் போய்விட்டது. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும், அதனால் அந்த உரிந்த பெயின்ட் பொய் சொல்லாது. இந்த நிலையில் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் என் அபிப்பிராயம். ஊறிப்போன டயாஃப்ரத்தில் புது சிலிண்டரை மாட்டினால் அடுத்த மழைக்குள் மறுபடி வருவீர்கள்.

பெடலில் கிறீச்

கீல் புஷ்ஷில் கொஞ்சம் கிரீஸ், பின்னில் கொஞ்சம், தேய்ந்திருந்தால் புஷ் மாற்று. பிரேக் லைட் ஸ்விட்ச் டிக் என்றால் அது இயல்பு. அவ்வளவுதான்.

இனி சக்கரம்

கீச் என்று கூர்மையாக, மிதிக்கும்போது மட்டும் வந்தால் பேட் கண்ணாடி மாதிரி மினுங்கிப் போயிருக்கலாம், பின்பக்கத் தகடோ கிளிப்போ இல்லாமல் மாட்டியிருக்கலாம். பேட் மாற்றும்போது பழைய தகடையும் கிளிப்பையும் குப்பையில் போட்டுவிட்டு வெறும் பேடை மட்டும் செருகுவதுதான் புது பேட் சத்தத்துக்குப் பெரிய காரணம். மிதிக்காமல் ஓடும்போது கீச், மிதித்தால் நிற்கிறது என்றால் தேய்மானம் காட்டுகிற தகரம் டிஸ்கைத் தொட ஆரம்பித்திருக்கிறது. லைனர் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள்.

கர்ர் என்று இரும்பு அரைக்கிற சத்தம் வந்தால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். டிஸ்க் கோடு விழுந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீவலாம், கோயமுத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்கிலேயே பொறித்திருக்கும். சீவின பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் சீவ வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். மிதித்தால் ஸ்டியரிங் உதறுவதும் டிஸ்க் சீராக இல்லாததன் அறிகுறிதான். பெடல் மட்டும் துடித்தால் பின் டிரம்மையும் பாருங்கள்.

மிதித்ததும் ஒரே ஒரு டொக், ரிவர்ஸில் மிதித்தால் இன்னொரு டொக் என்றால் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின் தேய்ந்து பேட் நகர்கிறது. அங்கே சரியாக இருந்தால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற லோயர் ஆர்மின் புஷ்ஷைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இழுபடுவதால் புஷ் சத்தம் பிரேக் சத்தமாகக் கேட்கும்.

பின் டிரம் விஷயத்தில் நம் பக்கத்துக்கென்றே ஒரு சங்கதி உண்டு. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை பக்கம் நார் மில்களைச் சுற்றி ஓடுகிற வண்டிகளில் டிரம்மைக் கழற்றினால் தேங்காய் நார்த் தூளும் லைனர் தூளும் சேர்ந்து பொருக்காக உட்கார்ந்திருக்கும். காலையில் பனி ஈரம் பட்டதும் அது இளகி ஒட்டிக்கொண்டு, முதல் சில மிதிக்கு உறுமும். ஆடிக் காற்றில் செம்மண் புழுதி போகிற ஊர்களிலும் இதே கதைதான். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, லைனர் ஒட்டியிருக்கிற ஷூ, பேக் பிளேட்டில் உரசுகிற மேடுகளில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் சத்தம் போய்விடும். கிரீஸ் லைனரில் பட்டால் அந்த லைனரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊத விடாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், பட்டறையில் வேலை செய்கிற பையன்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் மழையில் நின்ற வண்டி முதல் மிதியில் கரகரத்து உடனே சரியானால் அது துரு, ஒன்றும் செய்ய வேண்டாம்.

பூஸ்டர் மாற்றுவது என்று முடிவானால்

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கழற்றிய பூஸ்டர் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி, கதவு, பம்பர் எல்லாம் அங்கே தாராளமாக வாங்குங்கள். பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கிற ரப்பரின் வயதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. புதிது கிடைக்காத மாடல் என்றால், ரப்பர் கிட் போட்டுத் தருகிற அனுபவமுள்ள ஆளிடம் உங்கள் பூஸ்டரையே கொடுத்துச் சரிசெய்து வாங்குவது மேல். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தரங்கள் உண்டு, டப்பா மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். பல நாள் முன்பு திறந்து வைத்த பாட்டில் வேண்டாம், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்துச் சூட்டில் கொதித்துவிடும்.

மாட்டும்போது பலர் விட்டுவிடுகிற இடம், பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போகிற கம்பியின் நீளம். நீளம் கூடினால் பிரேக் முழுசாக விடாது, குறைந்தால் பெடல் ஆழமாகப் போகும். பழைய பூஸ்டரில் கம்பி எவ்வளவு வெளியே நீட்டியிருந்தது என்று கழற்றும்போதே அளந்து வைத்து, உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் சொல்லியிருக்கிற இடைவெளியோடு ஒப்பிட்டுத் திருகுங்கள். பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுத்து முடித்ததும் மூன்று சோதனையையும் மறுபடி செய்யுங்கள். பிறகு கூட்டமில்லாத ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு, ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்சக்கரம் இரண்டும் அனலாக இருந்தால் கம்பி நீளம் அதிகம், திரும்பிப் போய்ச் சரிசெய்ய வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் அனல் என்றால் அந்தக் காலிப்பரின் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது. பூஸ்டரைக் குறை சொல்லாமல் அந்தச் சக்கரத்தைக் கழற்றுங்கள்.